எக்ஸ் புரதம்: ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரலைப் புற்றுநோய் வரை கொண்டுபோவது எப்படி?

"ஹெபடைடிஸ் பி வைரஸின் ஒரு புரதம் கல்லீரல் புற்றுநோயைத் தூண்டுகிறது" என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்தத் தொற்று இருந்தால் புற்றுநோய் வந்தே தீருமா? அந்த ஒரு புரதத்தைத் தடுத்துவிட்டால் புற்றுநோய் வராமலே போய்விடுமா? இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். ஏன் இல்லை என்று தெரிய, அந்தப் புரதம் கல்லீரல் செல்லுக்குள் என்ன வேலை பார்க்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

அதன் பெயர் எக்ஸ் புரதம். புற்றுநோயை உண்டாக்குவதால் வைரஸுக்கு ஒரு லாபமும் கிடையாது. தன் மரபணுக்களைச் செல் முடக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் வைரஸ் இந்தப் புரதத்தைத் தயாரிக்கிறது. அந்த வேலையின் பக்கவிளைவுகள் ஒரே கல்லீரலில் 20, 30 வருடங்களாகக் குவிந்துகொண்டே போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில் வைரஸைப் பற்றி

ஹெபடைடிஸ் பி மிகச் சிறிய டிஎன்ஏ வைரஸ். அதன் மரபணுத் தொகுப்பில் உள்ள எழுத்துகள் சுமார் 3,200 மட்டுமே. மனிதனின் தொகுப்பில் சுமார் 300 கோடி. இவ்வளவு சிறிய இடத்துக்குள் நான்கு மரபணுப் பகுதிகள் அடங்கியிருக்கின்றன: மேலுறைப் புரதத்துக்கு ஒன்று, உள்கூட்டுக்கு ஒன்று, நகலெடுக்கும் நொதிக்கு ஒன்று, நான்காவதாக எக்ஸ். ஒரே காகிதத்தில் நான்கு கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியதுபோல, இந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று மேற்படிந்து கிடக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான்காவது பகுதியைக் கண்டபோது அதன் வேலை என்னவென்று தெரியாததால் எக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். வேலை தெரிந்த பிறகும் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. 154 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சின்னப் புரதம் இது.

வைரஸ் ஏன் கல்லீரலை மட்டும் குறிவைக்கிறது? பித்த அமிலங்களை ரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கும் என்டிசிபி என்ற புரதம் கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. வைரஸ் அதையே வாசலாகப் பயன்படுத்தி நுழைகிறது. இது 2012இல்தான் கண்டறியப்பட்டது.

உள்ளே போன வைரஸின் டிஎன்ஏ உட்கருவை அடைந்ததும், இடைவெளி இல்லாத மூடிய வட்டமாக மாறுகிறது. இதை நிரந்தர வட்ட டிஎன்ஏ என்று சொல்லலாம். செல்லின் குரோமோசோம்களோடு சேராமல் தனியாக நின்று, வைரஸுக்குத் தேவையான எல்லாவற்றுக்கும் மூலப்படியாக இருப்பது இதுதான். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி முழுதாகக் குணமாகாததற்கு முதல் காரணமும் இதுதான்.

"நாள்பட்ட" என்ற சொல்லுக்கும் மருத்துவத்தில் வரையறை உண்டு. வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கண்டறியும் ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனை 6 மாதங்களுக்கு மேலும் பாசிட்டிவாகவே இருந்தால் அது நாள்பட்ட தொற்று. தொற்றும் வயதுதான் இதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பிறக்கும்போதோ முதல் வருடத்திலோ தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது நாள்பட்டதாகிறது. ஆரோக்கியமான பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே அப்படி ஆகிறது.

வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு என்று எப்படித் தெரிந்தது?

தைவானில் 22,707 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கண்காணித்த ஒரு ஆய்வின் முடிவு 1981இல் வெளியானது. அவர்களில் 3,454 பேர் ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ். கண்காணிப்புக் காலத்தில் 41 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. அந்த 41 பேரில் 40 பேர் இந்த 3,454 பேருக்குள் இருந்தவர்கள். தொற்று இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து 200 மடங்குக்கும் மேல். பின்னர் வந்த ஆய்வுகளில் இந்த மடங்கு குறைந்தாலும் தொடர்பு பற்றிய சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

அதே எண்களை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். 3,454 பேரில் 40 பேர். மீதி 3,400 சொச்சம் பேருக்கு அந்தக் காலத்தில் புற்றுநோய் வரவில்லை. தொற்று ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது என்பதும், தொற்று உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வராது என்பதும் ஒரே ஆய்வில் கிடைத்த உண்மைகள்தான். பயப்படுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள், அலட்சியமாக இருப்பவர்கள் இரண்டாவது பாதியை மட்டும்.

2022 நிலவரப்படி உலகில் சுமார் 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதே வருடம் கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 7.5 லட்சத்துக்கும் அதிகம்.

எக்ஸ் புரதத்தின் சொந்த வேலை

இந்த விஷயத்தின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நம் செல்களின் உட்கருவில் எஸ்எம்சி5/6 என்றொரு புரதக் கூட்டு இருக்கிறது. டிஎன்ஏவில் ஏற்படும் உடைப்புகளைச் சரிசெய்யவும், செல் பிரியும்போது குரோமோசோம்கள் சிக்கலில்லாமல் பிரியவும் உதவுவது இதன் அன்றாட வேலை. அதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. குரோமோசோமோடு சேராத வட்ட டிஎன்ஏ உட்கருவில் தென்பட்டால், அதைப் பற்றிக்கொண்டு அதிலிருந்து எதுவும் படியெடுக்க முடியாமல் செய்துவிடுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸின் மூலப்படி அப்படிப்பட்ட வட்டம்தான். எஸ்எம்சி5/6 இருக்கும்வரை வைரஸால் அந்தச் செல்லில் பெருக முடியாது.

இதை முறியடிப்பதற்குத்தான் எக்ஸ் புரதம். அது எஸ்எம்சி5/6ஐ நேரடியாக உடைப்பதில்லை. வேண்டாத புரதங்களை அகற்றச் செல்லிலேயே இருக்கும் ஏற்பாட்டை வளைத்துப் போடுகிறது. முறை இதுதான்:

1. செல்லில் டிடிபி1 என்ற இணைப்புப் புரதம் உண்டு. அழிக்க வேண்டிய புரதத்தை அடையாளம் காட்டும் துணைப் புரதங்கள் வழக்கமாக இதில் வந்து பொருந்தும். எக்ஸ் புரதம் அந்த இடத்தில் தான் பொருந்திக்கொள்கிறது.

2. டிடிபி1ஓடு சேர்ந்திருக்கும் நொதி, எஸ்எம்சி5/6இன் மேல் உபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டுகிறது. உபிக்விட்டின் என்பது "இதை அழி" என்ற அடையாளம்.

3. அந்த அடையாளத்தோடு வருவதையெல்லாம் நறுக்கும் புரோட்டியசோம், எஸ்எம்சி5/6ஐயும் நறுக்கிவிடுகிறது.

4. தடை நீங்கியதும் வட்ட டிஎன்ஏவிலிருந்து வைரஸின் படிகள் வர ஆரம்பிக்கின்றன.

இந்தச் சங்கிலி 2016இல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. எக்ஸ் புரதத்தைப் பற்றிப் பல வருடங்களாக வந்துகொண்டிருந்த, ஒன்றுக்கொன்று ஒட்டாத கண்டுபிடிப்புகளுக்கு நடுவே உறுதியான ஓர் அடித்தளம் இதனால்தான் கிடைத்தது என்பது என் கருத்து.

புற்றுநோய்க்கான முதல் இழையும் இங்கேயே தொடங்கிவிடுகிறது. வைரஸ் அழிப்பது தன் எதிரியை மட்டும் அல்ல, டிஎன்ஏ உடைப்புகளைச் சரிசெய்யும் ஒரு கருவியையும் சேர்த்துத்தான் அழிக்கிறது. எக்ஸ் புரதம் உள்ள செல்லில் பழுதுகள் சரியாகாமல் தங்கும் வாய்ப்பு கூடுகிறது.

மற்ற பக்கவிளைவுகள்

1. வளர்ச்சிச் சமிக்ஞைகள். எக்ஸ் புரதம் செல்லுக்குள் கால்சியத்தின் ஓட்டத்தை மாற்றுகிறது. ஒரு பகுதி மைட்டோகாண்ட்ரியாவில் போய் ஒட்டிக்கொண்டு, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அதிகமாக உருவாக வழிசெய்கிறது. செல்லைப் பெருகச் சொல்லும் சமிக்ஞைப் பாதைகளும், அழற்சியைத் தூண்டும் பாதைகளும் இதனால் முடுக்கிவிடப்படுகின்றன. நகலெடுக்கத் தேவையான சூழல் வைரஸுக்குக் கிடைக்கிறது. ஆனால் அமைதியாக இருக்க வேண்டிய கல்லீரல் செல், பெருகும் நிலையை நோக்கித் தள்ளப்படுகிறது.

2. பி53. டிஎன்ஏ மோசமாகச் சேதமானால் செல் பிரிவதை நிறுத்துவதும், தேவைப்பட்டால் அந்தச் செல்லையே சாகவைப்பதும் பி53 என்ற புரதத்தின் பொறுப்பு. எக்ஸ் புரதம் இதோடு ஒட்டிக்கொண்டு அதன் செயல்பாட்டைக் குறைப்பதை 1990களிலேயே சோதனைச்சாலைகளில் கண்டார்கள்.

3. மெத்தில் பூட்டு. டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டினால், எழுத்து மாறாமலே அந்த மரபணு அடங்கிப்போகும். மெத்தில் ஒட்டும் நொதிகளை எக்ஸ் புரதம் கூட்டுகிறது. கட்டி வளர்வதைத் தடுக்கும் சில மரபணுக்கள் இப்படி ஓய்ந்துவிடுகின்றன.

4. ஆண் ஹார்மோன். கல்லீரல் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். எக்ஸ் புரதம் ஆண் ஹார்மோன் ஏற்பியின் செயல்பாட்டைக் கூட்டுகிறது. அந்த ஏற்பி பதிலுக்கு வைரஸின் மரபணுக்கள் படியெடுக்கப்படுவதைக் கூட்டுகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுழல் அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம்.

இந்தப் பட்டியலை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இயற்கையான தொற்றில் எக்ஸ் புரதம் மிகக் குறைந்த அளவிலேயே உருவாகிறது, சீக்கிரம் சிதைந்தும் போகிறது. சோதனைச்சாலையில் வளர்த்த செல்களில் அதைவிடப் பல மடங்கு அதிகமாக உற்பத்தி செய்யவைத்துப் பார்த்த முடிவுகள் நிறைய. ஒரு செய்தியில் "புரதம் இந்தப் பாதையை இயக்குகிறது" என்று வந்தால், அது தட்டில் வளர்த்த செல்லிலா, எலியிலா, நோயாளியின் திசுவிலா என்று கேட்டுவிட்டு மேலே படிப்பது நல்லது.

எலிகளும் வாத்துகளும் சொல்வது

எக்ஸ் மரபணுவை எலியின் கருவிலேயே சேர்த்து வளர்த்தபோது அந்த எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்ததாக 1991இல் ஓர் ஆய்வு வெளியானது. எக்ஸ் புரதம் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்ற எண்ணத்துக்குப் பெரிய ஆதாரம் அதுதான். ஆனால் வேறு எலி இனங்களில், வேறு அளவுகளில் செய்தபோது அப்படி நடக்கவில்லை. அந்த எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தைக் கொஞ்சம் கொடுத்தபோதோ, மிக் என்ற வளர்ச்சி மரபணுவையும் சேர்த்தபோதோ கட்டிகள் வழக்கத்தைவிட அதிகமாக, சீக்கிரமாக வந்தன. அதாவது, எக்ஸ் புரதம் பெரும்பாலும் தானே தீ வைப்பதில்லை. வேறெங்கோ பற்றியதைக் கொழுந்துவிடச் செய்கிறது.

விலங்குகளிலும் இந்த வைரஸ் குடும்பத்துக்கு உறவினர்கள் உண்டு. வட அமெரிக்காவின் வுட்சக் என்ற அணில் இனத்தைத் தாக்கும் வைரஸுக்கு எக்ஸ் மரபணு இருக்கிறது. நாள்பட்ட தொற்று உள்ள வுட்சக்குகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் கல்லீரல் புற்றுநோய் வருகிறது. வாத்தைத் தாக்கும் வைரஸில் வழக்கமான எக்ஸ் மரபணு கிடையாது. வாத்துகளுக்கு அதனால் புற்றுநோய் வருவது அரிது. இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனாலும் கவனிக்க வேண்டிய விஷயம்.

வைரஸ் நம் டிஎன்ஏவில் செருகிக்கொள்ளும்போது

நகலெடுக்கும்போது வைரஸ் சில சமயம் வட்டமாக மூடாத, நீளவாட்டு டிஎன்ஏ துண்டையும் உருவாக்கிவிடுகிறது. கல்லீரல் செல்லின் குரோமோசோமில் எங்காவது உடைப்பு இருந்தால், செல்லின் ஒட்டுவேலை இந்தத் துண்டையும் சேர்த்து ஒட்டிவிடுகிறது. இது வைரஸுக்கே பயன்படாத விபத்து. செருகப்பட்ட துண்டிலிருந்து முழு வைரஸ் வர முடியாது. ஆனால் அந்தச் செல்லும் அதன் சந்ததிகளும் இனி அந்தத் துண்டைச் சுமந்தே ஆக வேண்டும்.

எங்கே செருகிக்கொள்கிறது என்பது தற்செயல். பெரும்பாலான இடங்களில் ஒன்றும் ஆகாது. கட்டிகளை எடுத்துப் பார்த்தால் சில இடங்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. அவற்றில் முதலிடம் டெர்ட் மரபணுவின் அருகாமைக்கு. குரோமோசோம் நுனிகள் ஒவ்வொரு செல்பிரிவிலும் கொஞ்சம் தேயும். அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டும் நொதியின் முக்கியப் பகுதியை டெர்ட் தருகிறது. முதிர்ந்த கல்லீரல் செல்லில் அது அடங்கியிருக்க வேண்டிய மரபணு. அதன் பக்கத்தில் வைரஸின் தூண்டுபகுதி வந்து உட்கார்ந்தால் அது விழித்துக்கொள்கிறது. செல் பிரிவதற்கு இருந்த இயற்கையான வரம்பு அதோடு போய்விடுகிறது.

எக்ஸ் மரபணு இங்கேயும் வருகிறது. வைரஸ் டிஎன்ஏ பல நேரம் எக்ஸ் மரபணுவின் கடைசிப் பகுதிக்கு அருகில்தான் முறிந்து ஒட்டுகிறது. அதனால் வால் வெட்டுப்பட்ட எக்ஸ் புரதம் உருவாகிறது. கட்டித் திசுக்களில் இந்தக் குறைந்த வடிவம் அடிக்கடி காணப்படுகிறது.

மேற்படிந்த மரபணுக்களைப் பற்றி முன்பு சொன்னது இங்கே பயன்படும். வைரஸின் 1762, 1764ஆம் இடங்களில் எழுத்து மாறிய வகை உள்ள நோயாளிகளுக்குப் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த இடங்கள் உள்கூட்டு மரபணுவை இயக்கும் பகுதியைச் சேர்ந்தவை. ஆனால் அதே எழுத்துகளின் மேல்தான் எக்ஸ் மரபணுவும் படிந்திருக்கிறது. ஆகவே அந்த மாற்றம் எக்ஸ் புரதத்தின் 130, 131ஆம் அமினோ அமிலங்களையும் சேர்த்து மாற்றிவிடுகிறது.

உடலின் சொந்த எதிர்ப்பு

ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. தொற்றிய செல்களைக் கொல்வது நம் நோயெதிர்ப்பு மண்டலம். கல்லீரல் இழந்த செல்களை மீண்டும் வளர்த்துக்கொள்கிறது. மறுபடி தாக்குதல், மறுபடி வளர்ச்சி. ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ நகலெடுக்கப்படுகிறது, பிழைகள் தங்குகின்றன, இடையில் தழும்பு படிகிறது. தழும்பு கல்லீரல் முழுக்கப் பரவி அமைப்பே மாறிப்போவதுதான் சிரோசிஸ். ஹெபடைடிஸ் பியால் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை சிரோசிஸ் உள்ள கல்லீரலில்தான் தோன்றுகின்றன.

ஒரு பகுதி மட்டும் சிரோசிஸ் இல்லாமலே வருகிறது. ஹெபடைடிஸ் சி வைரஸ் ஆர்என்ஏ வகை, நம் குரோமோசோமில் செருகிக்கொள்ளாது. அதனால் வரும் புற்றுநோய் கிட்டத்தட்ட எப்போதும் முற்றிய தழும்புக்குப் பிறகே வரும். ஹெபடைடிஸ் பி அப்படியில்லை என்பதற்கு எக்ஸ் புரதமும் செருகலும் காரணமாகின்றன.

வெளியிலிருந்து சேரும் சுமைகளும் உண்டு. மது, ஹெபடைடிஸ் சி அல்லது டி தொற்று, கொழுப்புக் கல்லீரல், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தது என எல்லாமே ஆபத்தைக் கூட்டும். அஃப்ளாடாக்சினைத் தனியாகச் சொல்ல வேண்டும். சரியாகக் காயாத நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றில் வளரும் பூஞ்சையின் நச்சு இது. பி53 மரபணுவின் 249ஆம் இடத்தில் ஒரு குறிப்பிட்ட பிழையை விட்டுப்போகிறது. எக்ஸ் புரதத்தால் பழுதுபார்ப்பு தளர்ந்த செல்லில் இந்த நச்சும் சேரும்போது ஆபத்து கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது.

சிகிச்சை எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை?

இப்போது கொடுக்கப்படும் முக்கிய மாத்திரைகள் டெனோஃபோவிரும் என்டெகாவிரும். இவை வைரஸின் நகலெடுக்கும் நொதியைத் தடுக்கின்றன. ரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத மட்டத்துக்குக் குறைந்துவிடும். ஆனால் மூலப்படியான வட்ட டிஎன்ஏவை இவை தொடுவதில்லை, குரோமோசோமில் செருகிய துண்டுகளையும் தொடுவதில்லை. ரத்தம் சுத்தமாக இருந்தாலும் கல்லீரல் செல்லுக்குள் எக்ஸ் புரதம் தொடர்ந்து உருவாக முடியும்.

அப்படியானால் மாத்திரை வீணா? நிச்சயமாக இல்லை. அழற்சி அடங்குகிறது, சாவு-வளர்ச்சிச் சுற்று மெதுவாகிறது, புதிய செருகல்கள் குறைகின்றன, தழும்புகூடப் பலருக்குப் பின்வாங்குகிறது. புற்றுநோய் ஆபத்து கணிசமாகக் குறைகிறது, ஆனால் பூஜ்யம் ஆவதில்லை. "வைரஸ் தெரியவில்லை, இனி எதற்கு மாத்திரை" என்று தானாக நிறுத்துகிறவர்களுக்கு வைரஸ் மீண்டும் பாய்ந்து கல்லீரல் செயலிழப்பு வரை போவது உண்டு. நிறுத்துவது மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

எக்ஸையே குறிவைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. வைரஸின் எல்லா ஆர்என்ஏ படிகளும் ஒரே இடத்தில் முடிகின்றன. அந்த வால் பகுதியில்தான் எக்ஸ் மரபணு இருக்கிறது. அதனால் எக்ஸ் பகுதியைக் குறிவைத்து ஆர்என்ஏவை வெட்டும் மருந்து ஒன்று இருந்தால், ஒரே வெட்டில் எல்லாப் படிகளும் சிதையும். குறுக்கிடும் ஆர்என்ஏ வகை மருந்துகள் சில இந்தக் கணக்கில்தான் வடிவமைக்கப்பட்டு மனிதர்களிடம் சோதிக்கப்படுகின்றன. இன்னொரு வழி, எக்ஸ் புரதம் டிடிபி1இல் பொருந்துவதைத் தடுப்பது. குடல் ஒட்டுண்ணிகளுக்குக் கொடுக்கப்படும் நிடாசோக்சனைடு என்ற பழைய மருந்து அந்தப் பொருத்தத்தைக் குலைப்பதாகச் சோதனைச்சாலையில் தெரியவந்தது. எக்ஸ் விலகினால் எஸ்எம்சி5/6 திரும்ப வந்து வட்ட டிஎன்ஏவை முடக்கும் என்பதே எதிர்பார்ப்பு.

இவை வரும்வரை கையில் இருக்கும் வலுவான ஆயுதம் தடுப்பூசி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. தைவான் 1984இல் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோய், 1981-86இல் லட்சத்துக்கு 0.70 என்றிருந்தது 1990-94இல் 0.36 ஆகக் குறைந்தது. வைரஸ் உள்ளே வராவிட்டால் வட்ட டிஎன்ஏவும் இல்லை, எக்ஸ் புரதமும் இல்லை, செருகலும் இல்லை.

ஏற்கெனவே தொற்று உள்ளவர்களில் சிரோசிஸ் இருப்பவர்கள், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தவர்கள், குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. பல இடங்களில் ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும் சேர்த்து. கட்டி சிறியதாக இருக்கும்போதே தெரிந்தால் அறுவை சிகிச்சைக்கோ, கட்டியை அங்கேயே பொசுக்குவதற்கோ, மாற்றுக் கல்லீரலுக்கோ வாய்ப்பு இருக்கிறது. ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் ஆகிவிட்டால்கூட, சிரோசிஸ் இருந்தவர்களுக்கு இந்த ஸ்கேன் நிறுத்தப்படுவதில்லை. தழும்பும், குரோமோசோமில் முன்பே ஒட்டிக்கொண்ட துண்டுகளும் பரிசோதனை முடிவு மாறியதால் போய்விடுவதில்லை.